அந்தப் பக்கத்துக்காரி

சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டால் போதும், அந்த அறை இந்த ஊரிலேயே இருக்காது. சன்னல் திரைக்கு அந்தப் பக்கம் நல்ல மத்தியானம், தென்னமட்டை வெயிலில் சடசடவென்கிறது, அடுத்த தோட்டத்து மோட்டார் ஓடுகிறது, எல்லாம் அதது பாட்டுக்கு இருக்கிறது. இந்தப் பக்கம் மட்டும் விடிந்தும் விடியாத, இருட்டியும் இருட்டாத என்ன எளவு நேரமோ, அது. பொங்கியண்ணன் நாற்காலியை இழுத்து, கட்டிலில் கிடக்கிற பெண்டாட்டி பாவாயிக்கு இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். இடப்பக்கம்தான் உட்கார வேண்டும். வலப்பக்கம் போனால் பார்ப்பாள், சிரிப்பாள், "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்பாள், அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால் போச்சு, அவளுக்கு அவர் இல்லை. கண் குருடில்லை. கண் ரெண்டும் பழுதில்லை என்று டாக்டர் விளக்கடித்துப் பார்த்துச் சொன்னார். மூளையில் ரத்தம் அடைத்த இடத்தில், இடப்பக்கம் என்று உலகத்தில் ஒன்று உண்டு என்கிற நினைப்பே அழிந்துபோய்விட்டதாம். தட்டில் இட்லி வைத்தால் வலப்பக்கத்து இட்லியை மட்டும் தின்றுவிட்டு "இன்னொண்ணு வெச்சா என்ன கொறஞ்சா போகுது" என்கிறாள், தட்டைத் திருப்பி வைத்தால் "இது எப்ப வந்துச்சு" என்கிறாள். பாதித் தலையைச் சீவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாகச் சிரிக்கிறாள், மீதிப் பாதி காக்காய்க் கூடாய்க் கிடக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்றைக்குத்தான் பொங்கியண்ணன் ஆடிப்போனார். கை கால் விழுந்ததுகூட அவருக்கு அப்படி இல்லை, விழுந்த மாட்டை எத்தனையோ தூக்கி நிறுத்தியிருக்கிறார். கைகால் பயிற்சி கொடுக்க பவானியிலிருந்து வரும் பெண் ஹெப்சிபாதான் சொன்னாள்: "ஐயா, நீங்க எப்பவும் அந்தப் பக்கத்துலயே உக்காருங்க. அங்கிருந்தே கூப்புடுங்க. அவங்களா திரும்பணும். ஒருக்காத் திரும்பிட்டாங்கன்னா மூளை வழியைக் கண்டுபிடிச்சிருச்சுன்னு அர்த்தம்." "திரும்பலேன்னா?" "திரும்பலேன்னா இப்படியேதானுங்கய்யா. சொல்ல முடியாது." சொல்ல முடியாதாம். ஆனானப்பட்ட அந்தியூர் மாட்டுச் சந்தைத் தரகிலேயே ஒருத்தன் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு அவர் கையிலிருந்து தப்பிப் போனதில்லை.

விளக்குக்கும் ஹெப்சிபாவேதான் தடை போட்டாள். ஈரோட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்கப் போனபோது கடைக்காரனிடம் தொண்டை கட்டப் பேசி, கட்டிலோடு இதையும் போடு, இல்லாட்டி அடுத்த கடை எங்கேயும் ஓடிப் போகவில்லை என்று எழுந்து வாசல் வரைக்கும் வந்து, செருப்பில் ஒரு காலை விட்ட பிறகு அவனாகக் கூப்பிட்டுக் கொடுத்த, நோவுக்குச் சூடு காட்டுகிற விளக்கு. கொசுறாக வந்த பொருளைச் சும்மா வைக்க அவருக்கு மனசு ஒப்புமா? ஹெப்சிபா பார்த்தவுடனே, "அய்யய்யோ, இடது கைக்கு இதைக் காட்டவே கூடாதுங்க. அங்க உணர்ச்சி இல்ல, பொசுங்கினாலும் அவங்களுக்குத் தெரியாது. வலது தோள் வலிக்குதுன்னா மட்டும், தூரமா வெச்சு, கொஞ்ச நேரம்" என்றாள். வலிக்கிற பக்கத்துக்கு எதற்குச் சூடு, அதுதான் உயிரோடு இருக்கிறதே! குளிர்ந்து கிடக்கிற அடுப்பில்தானே நெருப்பு வைக்க வேண்டும்? இந்தப் புள்ளை படித்தது காகிதத்தில். காலை இழுத்துக்கொண்டு விழுந்த வண்டி மாட்டுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சப்பையில் சூடு வைக்கிறபோது பொங்கியண்ணன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். செத்த கால் சுருக்கென்று இழுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். எல்லா மாடும் எழுந்ததா என்று கேட்டால், எல்லா மாடும் எழவில்லை. அதை இப்போது எதற்கு நினைப்பது. ஹெப்சிபா வராத நாள்களில், மருமகள் சுகந்தி மாவு மில்லுக்கோ துணி துவைக்கவோ போகிற நேரமாகப் பார்த்து, அவர் விளக்கை இந்தக் கைக்குத் திருப்பி வைத்துவிடுகிறார். எவ்வளவு நேரம் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். செல்போனில் அந்தப் பேச்சு ஓடி முடிகிற வரைக்கும். முடிந்தால் அணைத்துவிடுவது.

அந்தப் பேச்சு பாவாயியினுடையது. அதாவது, அவள் கேட்கிற பேச்சு. எட்டாவதோடு நின்றவளுக்கு ஆகாயத்தின்மேல் அப்படி என்ன கிறுக்கோ, மகன் போன் வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து தட்டைக்காய் உரிக்கும்போதெல்லாம் இதுதான். எவளோ ஒருத்தி, முகம் காட்டமாட்டாள், நிறுத்தி நிதானமாகப் பேசுவாள். அவங்களுக்குப் பிடிச்சதைக் காதுல போட்டுட்டே இருங்க என்று ஹெப்சிபா சொன்னதால் இப்போது பொங்கியண்ணனுக்கும் அது பாடமாகிவிட்டது. சிவப்புக் குள்ள நட்சத்திரம் என்று ஒரு சாதி. ஆகாயத்தில் அதுகள்தான் அதிகமாம், ஆனால் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாதாம், அவ்வளவு மங்கல். நம் சூரியன் எரிந்து தீர்ந்து சாம்பலான பிறகும் அதுகள் கஞ்சன் வீட்டு அடுப்பு மாதிரி கொஞ்சங்கொஞ்சமாக எரிந்துகொண்டே கிடக்குமாம். மங்கல் நெருப்பு என்பதால் அதில் குளிர்காய வேண்டுமானால் கிரகம் ரொம்பக் கிட்டத்தில் ஒண்டிக்கொண்டு சுற்ற வேண்டும். அப்படி ஒண்டினால் அதன் முகம் கட்டிப் போட்ட மாதிரி ஒரே பக்கம் நின்றுவிடும். ஒரு பக்கம் எந்நேரமும் பகல். மறுபக்கம் எந்நேரமும் ராத்திரி. பகல் பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சூரியன் உச்சியில் ஆணியடித்த மாதிரி நிற்கும், நகராது, இறங்காது. முதல் தடவை இதைக் கேட்டபோது பாவாயி காய் உரிப்பதை நிறுத்திவிட்டு, "அப்ப அங்க எந்நேரம் பால் கறப்பாங்க? பொழுதே விடியாட்டி மாடு எப்படிங்க கத்தும்?" என்று கேட்டாள். "ஆமா, உனக்குன்னு அங்க பால் சொசைட்டி தொறந்து வெச்சுட்டுக் காத்துட்டு இருக்கறான், கேனைத் தூக்கிட்டுப் போ" என்று அவர் வள்ளென்று விழுந்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இருட்டுப் பக்கத்துல ஆராச்சும் இருந்தா, வெளிச்சப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதுங்கள்ல?" என்றாள். அப்படித்தான் கேட்டாளா, இல்லை வெளிச்சப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இருட்டுப் பக்கம் தெரியாது என்று சொன்னாளா? பொங்கியண்ணன் எத்தனை தடவை புரட்டிப் பார்த்தும் அந்த வாக்கியம் ஒரு பக்கமாக நிற்கமாட்டேன் என்கிறது. அன்றைக்கு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். முதுகில் விழுந்த பேச்சு. முதுகில் விழுந்த பேச்சைத்தான் இப்போது உட்கார்ந்து பொறுக்க வேண்டியிருக்கிறது.

சரி, அங்கே உயிர் இருக்குமா, அதைச் சொல்லு என்று போனைப் பார்த்துச் சொன்னார். சத்தமாகவே சொல்லிவிட்டார். போன்காரி அவசரப்படாமல், நாம் அந்தக் கிரகங்களை நேரில் பார்த்ததில்லை என்றாள். நட்சத்திரத்தின் குறுக்கே அது போகும்போது வெளிச்சம் ஒரு துளி மங்கும், அந்த மங்கலை வைத்துத்தான் கிரகம் இருக்கிறது, இத்தனை பெரிது என்று கணக்குப் போடுகிறோம். கேட்கிற போதெல்லாம் பொங்கியண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, சுழி பார்க்கவில்லை, நடக்க விட்டுப் பார்க்கவில்லை, மாட்டின் நிழல் விழுந்ததை வைத்து மாட்டை வாங்குகிற கூட்டம்! ஆனால் வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவர் வாழ்ந்ததும் அப்படித்தான். தரகுப் பேச்சு வாயால் பேசுவதில்லை. இரண்டு கையின்மேலும் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை கேட்பது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கணுவை அழுத்தினால் ஒன்று, வெளியே நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. எதிராளி முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு வெற்றிலை மெல்லுவான். துண்டுக்குள் அவன் கை மட்டும் உண்மையைக் கக்கிவிடும். விலைக்கு ஆசைப்பட்டால் உள்ளங்கை பிசுபிசுக்கும், அரண்டுபோயிருந்தால் நுனி விரல் துடிக்கும். பன்னிரண்டு வயதில் மாட்டுச் சாணி அள்ளப் போனவனைப் பொங்கியண்ணத் தரகராக்கியது அந்தத் துண்டுதான். இந்த நினைப்போடு அவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தோள் துண்டை எடுத்துப் பாவாயியின் இடது உள்ளங்கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டார். முன்கை மட்டும் துண்டுக்கு வெளியே விளக்கடியில் சிவந்து கிடந்தது. உள்ளே விரல்கள் சந்தை கலைந்த பிறகு கீழே கிடக்கிற கயிறு மாதிரி இருந்தன. சுட்டு விரலைப் பிடித்து அழுத்தினார். நடு விரலின் கணுவை அழுத்தினார். கேட்கிறேன், பதில் சொல்லு. இதுதான் என் பேச்சு. உன் பேச்சைச் சொல்லு. பாவாயி வலப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அங்கே ஊர்ந்த பல்லியை ரசித்துக்கொண்டிருந்தாள்.

பாவாயி யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்லுகிறாளே, அதை வெளியே யாரிடமும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்க, இது ஆரு கைங்க? பக்கத்துல ஒரு பொம்பள படுத்திருக்கறா. கையைத் தூக்கி எம்மேல போட்டுட்டு அவ பாட்டுக்குத் தூங்கறா. எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க." பொங்கியண்ணன் வீடதிரக் கத்தினார், "உன்ற கைதான்டி அது!" அவள் கொஞ்சமும் அசராமல், குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி, "என்ற கை எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். ஹெப்சிபாவிடம் கேட்டதற்கு, இது இந்த மாதிரிக் கேஸில் வருவதுதான், மூளை தன் கையையே அடுத்தவர் கையென்று நினைக்கும், பயப்பட வேண்டாம் என்றாள். பயமா, அவருக்கா? காட்டு வழியில் ஒற்றை ஆளாக மாடு ஓட்டி வந்தவர். ஆனாலும் இப்போதெல்லாம் கட்டில் விளிம்பில் உட்கார வந்தால், உட்காருகிற இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார், அங்கே படுத்திருக்கிறவள்மேல் உட்கார்ந்துவிடக் கூடாதே என்கிற மாதிரி. போர்வையை இழுத்துவிட்டால் அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிடுகிறார். ஒரு நாள் பாவாயி, "அவ குளுந்து கெடக்கறாங்க, செத்துக் கித்துப் போயிட்டாளான்னு பாருங்க" என்றாள். இன்னொரு நாள், "இல்ல, மூச்சு உடறா" என்றாள். யார் அவள்? தட்டைக்காய் உரித்துக்கொண்டு ஆகாயத்தைக் கேட்டவள், முதுகில் கேள்வி போட்டவள், அவர் கோபத்துக்கெல்லாம் கரைந்து போகாமல் இத்தனை வருஷம் இருந்தவள், அவள் இங்கே வலப்பக்கம் சிரிக்கிறவளா, இல்லை அங்கே இருட்டில் குளிர்ந்து கிடக்கிறவளா? சில நேரம் அவருக்குத் தன் பாவாயி அந்தப் பக்கத்துக்குத்தான் போய்விட்டாள் என்று தோன்றும். இந்தப் பக்கம் இருக்கிறவள் நல்லவள், மரியாதையாகப் பேசுகிறாள், சாப்பிட்டீர்களா என்கிறாள், ஆனால் ஒரு தடவைகூட அவரை மறித்து ஒரு கேள்வி கேட்கவில்லை. போன்காரி அதற்கும் ஒன்று சொன்னாள். இருட்டுப் பக்கத்தில் எல்லாம் உறைந்துதான் போக வேண்டும், காற்றுகூடப் பனியாக உறைந்து கீழே விழும். ஆனால் கிரகத்துக்குக் கனமான காற்றுப் போர்வை இருந்தால், அந்தக் காற்று வெளிச்சப் பக்கத்துச் சூட்டைச் சுமந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்து இருட்டுப் பக்கத்தில் கொட்டும், உறையாமல் காப்பாற்றும். காற்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"மாமா, லைட்டு எந்தப் பக்கம் எரியுது?" சுகந்தி வந்துவிட்டாள், ஈரக் கையோடு வாசலில் நின்றாள். "அந்தப் புள்ள வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே!" "நீ உன்ற சோலியப் பாரு. எனக்குத் தெரியும்." "என்னத்தத் தெரியும்? நாளைக்கு ஒண்ணுன்னா உங்க பையன் என்னையத்தான் கேப்பாரு." "கேட்டா எங்கிட்ட அனுப்பி வை. போறயா இல்ல வெளக்கத் தூக்கி அடிக்கட்டுமா?" அவள் வலப்பக்கமாகப் போய்ப் பாவாயியின் நெற்றியைத் தொட்டு, "அத்தை, தண்ணி வேணுங்களா?" என்று கேட்டாள், அத்தை சிரித்துக்கொண்டே வேண்டாமென்றாள், பாத்திரம் டக்கென்று வைக்கப்பட்ட சத்தம் சமையலறையில் கேட்டது. அது ஒரு பதில். மகன் வந்து கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். எங்கே விட்டார்? நடு விரல். கணு. சிவப்பு வெளிச்சத்தில் அந்த முன்கை யாருமில்லாத பூமி மாதிரி நீண்டு கிடந்தது. மயிர்கள் ஒவ்வொன்றுக்கும் நிழல். முழங்கைக்குக் கிட்டே மேடு, அதற்கு அப்பால் வெளிச்சம் திடீரென்று வழுக்கி இருட்டில் விழுகிறது. அந்த விளிம்பில்தான், வெளிச்சமும் இல்லாத இருட்டும் இல்லாத அந்த ஓரக் கீற்றில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்கிறாள் போன்காரி; செடி இருந்தால் கறுப்பாக இருக்கும், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை ஒன்றுவிடாமல் குடிப்பதற்காக. பொங்கியண்ணன் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அங்கே பொட்டுப் பொட்டாக என்னமோ நிற்கிற மாதிரி, எல்லாம் ஒரே பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி, சந்தைக்கு ஓட்டி வந்து வாங்க ஆளில்லாமல் நின்றுபோன மந்தை மாதிரி. சாயங்காலமே முடியாத ஊர். வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லாத ஊர். அதில் அந்தச் சூரியன் சும்மா இருக்காதாம். அதற்கும் கோபம் வருமாம், குள்ளப் பயலுக்கு. திடீர் திடீரென்று சீறி நெருப்பைக் கக்குமாம், கிட்டத்தில் ஒண்டிக்கிடக்கிற கிரகத்தின் காற்றையெல்லாம் சீவி எடுத்துவிடுமாம். அதை நம்பித்தானே அது கிட்டத்தில் போனது? தூரப் போனால் உறைந்து சாகும், கிட்டத்தில் இருந்தால் பொசுங்கிச் சாகும், இது என்ன பேரம்? யார் முடித்து வைத்த தரகு இது? இருந்தாலும் இருக்கலாம் என்கிறாள். இல்லை என்று சொல்ல மனசு வராத பேச்சு. பேரத்தில் அவர் அந்தக் குரலை நன்றாக அறிவார். மாடு தேறாது என்று தெரிந்தும் கயிற்றை விட முடியாதவனுடைய குரல்.

"வணக்கம். இன்றைக்கு நாம் பேசப் போவது..." என்றாள் போன்காரி. இதை இப்போதுதானே சொன்னாள்? சுகந்தி வருவதற்கு முந்தியா, அவள் போன பிறகா? பேச்சு முடிந்து தானாகத் திரும்ப ஆரம்பித்திருக்கிறது. முடிந்ததை அவர் கேட்கவில்லை. இது இரண்டாவதா, மூன்றாவதா? ஆகாயத்தில் அதுகள்தான் அதிகம், ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அணைக்க வேண்டும். அணைக்கலாம். கை சுவிட்சுப் பக்கம் போனது, பாதி வழியில் பழைய புத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது: இன்னும் கொஞ்சம். இவ்வளவு தூரம் வந்தாச்சு, இப்போது விட்டால் நாளைக்கு மறுபடி முதலிலிருந்து. செருப்பில் காலை விட்ட பிறகுதானே கடைக்காரன் இறங்கி வந்தான். துண்டுக்குள் சுண்டு விரலைப் பிடித்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டு விரலை இறுக்கினார், ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கினார், முழுக் கையும் கேட்கிறேன், இதற்குமேல் துண்டுக்குள் கேட்கக் கேள்வி கிடையாது. பல்லி சுவரில் அசையாமல் நின்றது. "அவளுக்குச் சுடுதுங்க" என்றாள் பாவாயி.

சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "ஆருக்கு?" "இவளுக்குத்தானுங்க, பக்கத்துல கெடக்கறவளுக்கு. சொல்லத் தெரியாம கெடக்கறா, பாவம்." பொங்கியண்ணன் மற்றக் கையால் விளக்கை ஒரே தள்ளாகத் தள்ளினார், அது சுவரில் மோதிச் சாய்ந்து அணைந்தது. திரை வழியாக மத்தியானம் உள்ளே வந்தது. முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று ஒரு திட்டு, நடுவில் தோல் மினுமினுத்தது. இது சிவப்பு வெளிச்சம் அல்ல, வெளிச்சம் அணைந்த பிறகும் இருக்கிற சிவப்பு. அடப் பாவி என்று தன்னைத்தான் திட்டினார், வாய்க்குள்ளேயே, அவர் வாழ்நாளில் வாய்க்குள் திட்டியது அதுதான் முதல் தடவை. எட்டிச் சொம்பை எடுத்துத் தண்ணீரை அந்தத் திட்டின்மேல் மெள்ள ஊற்றினார், படுக்கை நனைந்தது, நனையட்டும். "சுகந்தி!" என்று கத்த வாயெடுத்து, கத்தவில்லை. துண்டுக்குள் எதிராளி கை முதல் தடவையாக அசைந்தால் மூச்சுக்கூட மாறக் கூடாது, மாறினால் பேரம் கலைந்துவிடும். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வேற்று ஊரிலிருந்து வந்த விருந்தாளியிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "இப்ப எப்படி இருக்குதாமா அவளுக்கு?" பாவாயி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள். "இப்பத் தேவலையாமுங்க." "வேற என்ன சொல்றா?" மறுபடியும் அந்தக் காது கொடுத்தல். மோட்டார் ஓடியது. போன்காரி கிரகத்தின் முகம் ஒரே பக்கம் நின்றுவிடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கையை உடச் சொல்றாங்க" என்றாள் பாவாயி, "ரொம்ப இறுக்கிப் புடிச்சிட்டு இருக்கறீங்களாம். நோவுதாம்." பொங்கியண்ணன் துண்டைப் பார்த்தார். அதற்குள் என்ன நடக்கிறது என்று அவள் பார்த்திருக்க வழியே இல்லை. அவர் பிடியைத் துளி தளர்த்தினார், துளிதான்.

"உடமாட்டேன்னு சொல்லு" என்றார்.